உயிர் தப்பியோர் சாட்சியமும் உபாத்தியாயர் கடமையும்



கல்வி சம்பந்தமான ஒரு பொருளைப் பற்றி ஆண்டுதோறும் ஒருவர் பேச வேண்டும் என்பது இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பெரியவரின் விருப்பம் என்று அழைப்புக் கடிதத்தில் கண்டேன். பாடத்திட்டம், தேர்வு, பயிற்றுமொழி ஆகியவற்றைக் குறித்துப் பேச என்னினும் தக்கவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கின்றமையின், அவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டு, நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் தேதிகளாகவும் எண்களாகவும் மட்டுமே நின்றுவிடுகிற ஒரு விஷயத்தை நான் எடுத்துக்கொண்டேன். 1941 முதல் 1945 வரையுள்ள ஆண்டுகளில் ஜெர்மனியின் நாஜி அரசாங்கமும் அதன் கூட்டாளிகளும் ஐரோப்பிய யூதர்களில் ஏறத்தாழ 60 லட்சம் பேரைக் கொன்றார்கள். அக்கொலையினின்று உயிர் தப்பியவர்கள் தாங்கள் கண்டதையும் பட்டதையும் சொல்லிவைத்த சாட்சியங்கள் பல்லாயிரக்கணக்கில் இன்று எழுத்தாகவும் ஒலியாகவும் படமாகவும் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கொண்டு இனப்படுகொலை என்னும் குற்றத்தையும், அதற்கு வழிவிட்டு நின்ற யூதத் துவேஷத்தையும் மாணாக்கர்க்குக் கற்பிப்பது எவ்வாறு என்பதே என் கேள்வி.

சாட்சியத்தைக் கேட்டால் பிள்ளைகள் கண் கலங்குவர், கண் கலங்கினால் மனம் பண்படும் என்று நம்புகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நாடகக் கொட்டகையில் அழுதுவிட்டு வெளியே வந்து அண்டை வீட்டானை ஏசுகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாட்சியத்தைக் கேட்பது ஒரு வித்தை. பேசுகிறவர் எதை அறிவார், எதை அறியமாட்டார், எவர் பேசவே இயலாமற் போயினர் என்று பகுத்துக் கேட்கும் அந்த வித்தையைப் பிள்ளைகளுக்குப் பழக்குவதே உபாத்தியாயர் கடமை என்று நான் கருதுகிறேன். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒன்றைப் பற்றியதே.

போர் முடிந்தபின் உயிர் தப்பியவர்கள் பல்லாண்டுகள் வாய் திறக்கவில்லை என்றும், உலகம் வெகுகாலம் கழித்தே அவர்களைப் பேசவைத்தது என்றும் ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. உண்மை வேறு. வார்சா நகரத்தில் யூதர்களை மதிலுக்குள் அடைத்துவைத்த காலத்திலேயே, இமானுவேல் ரிங்கல்புளூம் என்ற சரித்திர ஆசிரியர் தம் நண்பர்களை இரகசியமாக ஒன்றுகூட்டி, நாட்குறிப்புகள், கடிதங்கள், ரொட்டிச் சீட்டுகள், சுவரொட்டிகள், பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள் என்று அகப்பட்டதையெல்லாம் சேகரித்தார். அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணுக்கடியில் புதைத்தார்கள். 1946 செப்டம்பரில் ஒரு பகுதியும் 1950 டிசம்பரில் மற்றொரு பகுதியும் இடிபாடுகளுக்கிடையே அகப்பட்டன. மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. ரிங்கல்புளூம் 1944 மார்ச்சில் கொல்லப்பட்டார். போலந்தின் லூப்ளின் நகரம் நாஜிகள் கையிலிருந்து விடுபட்ட சில வாரங்களுக்குள்ளேயே, 1944 ஆகஸ்டில், யூதர்களே ஒரு சரித்திரக் குழுவை அமைத்து உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்யலாயினர். குழந்தைகளிடம் எவ்வாறு கேட்க வேண்டும் என்பதற்குத் தனியே ஒரு வழிகாட்டிச் சிறுநூலும் அச்சிட்டார்கள். உடுத்த உடையும் உண்ண உணவும் அரிதாயிருந்த நாளில், இவ்வேலைக்குக் காகிதம் தேடியவர்களை எண்ணிப் பாருங்கள்.

1946 கோடையில் சிகாகோ நகரத்திலிருந்து டேவிட் போடர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் ஐரோப்பாவுக்கு வந்தார். மெல்லிய எஃகுக் கம்பியில் ஒலியைப் பதியும் கனத்த இயந்திரம் ஒன்றை அவர் உடன் கொணர்ந்தார். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகளிலுள்ள அகதி முகாம்களுக்குச் சென்று, ஏறத்தாழ 130 பேரை, ஒன்பது மொழிகளில், அவரவர் வாயால் பேசவைத்துப் பதிந்துகொண்டார். முகாம்களின் பெயர்களும் அவற்றின் வழக்கங்களும் உலகம் அறியாதிருந்த காலமாகையால், போடர் இடையிடையே புரியாமல் மறித்துக் கேட்பதும், பேசுகிறவர் திகைத்து மறுபடி விளக்குவதும் அப்பதிவுகளில் அப்படியே கேட்கின்றன. பிற்காலத்துச் சாட்சியங்களில் காணும் தெளிந்த நடை இவற்றில் இல்லை. தலையும் வாலுமின்றித் தொடங்கும், பாதியில் அறும். ஆயினும் ஆசிரியர் ஒருவருக்கு இவை பெருநிதி என்பேன். கேட்பவனுடைய அறியாமையும் சாட்சியத்தின் ஓர் அங்கம் என்பதை மாணாக்கர் காதாலேயே உணர்ந்துகொள்ள இவற்றைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1945–46ல் நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள்மேல் நடந்த விசாரணை பெரும்பாலும் நாஜிகளின் சொந்த ஆவணங்களைக் கொண்டே நடந்தது. 1961ல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன்மேல் வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் கிடியன் ஹவுஸ்னர் உயிர் தப்பியோர் ஏறத்தாழ நூறு பேரைக் கூண்டிலேற்றினார். வானொலியில் அதைக் கேட்ட ஜனங்கள் தம் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதை முதன்முறையாக அறிந்துகொண்டனர். 1979ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் சாட்சியங்களின் காணொளிப் பதிவு தொடங்கி, யேல் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக்கு வந்தது. 1994ல் திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பர்க் நிறுவிய அமைப்பு 50,000க்கு மேற்பட்டோரைப் பதிவு செய்தது. இன்று பஞ்சம் சாட்சியத்துக்கு இல்லை. அதைக் கேட்கும் முறைக்குத்தான்.

போடர் 1949ல் வெளியிட்ட தம் நூலுக்கு, இறந்தவர்களைத் தாம் பேட்டி காணவில்லை என்று பொருள்படத் தலைப்பிட்டார். இத்தலைப்பை ஒவ்வொரு வகுப்பிலும் முதற்பாடமாகச் சொல்ல வேண்டும். எவ்வாறெனில், போலந்தின் தென்கிழக்கே பெல்ஷெட்ஸ் என்ற சிற்றூரில் 1942 மார்ச் முதல் டிசம்பர் வரை ஒரு கொலைமுகாம் இயங்கியது. அங்கே கொண்டுவரப்பட்ட யூதர்கள் எத்தனை பேர் என்பதை நாஜி அதிகாரி ஒருவர் அனுப்பிய தந்திச் செய்தியே காட்டுகிறது: 4,34,508. அம்முகாமிலிருந்து தப்பி, போருக்குப் பின் அதைப் பற்றி வாக்குமூலம் அளித்தவர்களாக நாம் அறிவது இருவரை. ஒருவர் லிவோவ் நகரத்துச் சோப்பு வியாபாரி ருடோல்ஃப் ரெடர். இரும்புத் தகடு ஏற்றிவரக் காவலுடன் நகரத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது, காவலன் உறங்கிவிட்டமையால் இறங்கி நடந்து தப்பினார். மற்றவர் ஹயீம் ஹிர்ஷ்மான். அவர் 1946 மார்ச் 19ஆம் நாள் லூப்ளினில் அந்தச் சரித்திரக் குழுவின் முன் தம் வாக்குமூலத்தைத் தொடங்கினார். மறுநாள் தொடர்வதாகச் சொல்லிச் சென்றவர் அன்றே வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சொல்லக் கேட்டிருந்தவற்றை அவருடைய மனைவி வந்து சொல்லி முடித்தார்.

நான்கு லட்சத்து முப்பத்து நான்காயிரம் பேருக்கு ஒன்றரைச் சாட்சியம். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்டவர்கள் பல்லாயிரவர். அது கொலைக்களமாக மட்டுமின்றி வேலைமுகாமாகவும் இருந்தமையால், உடல் வலுவுள்ள சிலரை உயிரோடு வைத்திருந்தார்கள். ஆகவே நம் காதில் விழும் குரல்களில் ஆஷ்விட்ஸ் பெரிதாகவும் பெல்ஷெட்ஸ் ஒன்றுமில்லாததாகவும் கேட்கிறது. இளவயதினர் குரல் மிகுதி, முதியோர் குரலும் கைக்குழந்தையோடு வந்திறங்கிய தாய்மார் குரலும் இல்லை. மாணாக்கர் சாட்சியங்களையே கேட்டுக் கேட்டு, முகாமுக்குப் போனவர் துன்பப்பட்டுப் பின் மீண்டார் என்பதே இயல்பு என்று எண்ணத் தொடங்கினால், சரித்திரம் தலைகீழாகிவிடும். உயிர் தப்பியது விதிவிலக்கு. ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி தம் கடைசி நூலில் இதையே வற்புறுத்தினார்: அடியாழம்வரை சென்றவர்கள் திரும்பவில்லை, அல்லது ஊமையாகத் திரும்பினர், பேசுகிற தாம் உண்மைச் சாட்சி அல்லர் என்றார். ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியின் நாட்குறிப்பை நம் பிள்ளைகளிலும் பலர் வாசித்திருக்கிறார்கள். அது 1944 ஆகஸ்ட் 1ஆம் நாளோடு நின்றுவிடுகிறது. அவள் பிடிபட்டது 4ஆம் நாள். பெர்கன்–பெல்சனில் அவள் இறந்தது அப்புத்தகத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. இதை எடுத்துச் சொல்லாத உபாத்தியாயர் அப்புத்தகத்தைப் பாதியே கற்பித்தவர் ஆவார்.

இனி, சாட்சியம் பிழைபடுமோ என்ற கேள்விக்கு வருவோம். 1944 அக்டோபர் 7ஆம் நாள் ஆஷ்விட்ஸில் பிணங்களை எரிக்கும் வேலைக்கு ஏவப்பட்டிருந்த யூதக் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். யேல் சேகரத்தில் ஒரு மூதாட்டி அதை நினைவுகூருகையில் நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறக் கண்டதாகச் சொன்னார். அதைக் கேட்ட சரித்திர ஆசிரியர்கள், அழிந்தது ஒன்றே, நான்கு என்பது தவறு, இந்தப் பெண்மணியின் சொல்லை ஆதாரமாகக் கொள்ளலாகாது என்றனர். அவரைப் பேட்டி கண்ட டோரி லாப், தாமே குழந்தைப் பருவத்தில் அக்கொடுமையினின்று தப்பியவரும் மனநல மருத்துவருமாவார். அவர், புகைபோக்கிகளின் எண்ணிக்கைக்கு அம்மூதாட்டி சாட்சி சொல்லவில்லை, ஆஷ்விட்ஸில் எதிர்ப்பு என்பது நிகழவே முடியாது என்றிருந்த நிலை உடைந்ததற்குச் சாட்சி சொன்னார் என்று பதிலளித்தார். இவ்விவாதத்தைப் பலர் லாப் பக்கம் தீர்ந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அவ்வளவு எளிதாகத் தீர்க்கத் தோன்றவில்லை. லாப் கேட்டது நுட்பமான செவியோடு. ஆனால் ஒன்றா நான்கா என்று கேட்ட சரித்திர ஆசிரியரும் தம் தொழிலையே செய்தார். இப்படுகொலை நடக்கவே இல்லை என்று சாதிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அது இத்தகைய பிழை ஒன்றைப் பற்றிக்கொண்டு முழு மாளிகையையும் சரிக்கப் பார்க்கும். 1995ல் வில்கோமிர்ஸ்கி என்ற பெயரில் வெளிவந்த ஒரு குழந்தைப் பருவ நினைவு நூல் பரிசுகள் பெற்று, 1998ல் முழுக் கற்பனை என்று அம்பலமாயிற்று. ஜான் டெம்யான்யுக் என்பவரை டிரெப்லிங்கா முகாமின் கொடிய காவலன் என்று உயிர் தப்பியவர்கள் சிலர் கூண்டிலேறி அடையாளம் காட்டினர். 1993ல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே, அவர் அந்த ஆள் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தது. அச்சாட்சிகள் பொய்யர் அல்லர். பட்டதை மறவாதவர், முகத்தை மறந்தவர். ஆகையால் வகுப்பறையில் சாட்சியத்தின் அருகே ஆவணம் ஒன்றை வைப்பது அச்சாட்சியை அவமதிப்பதாகாது. ஆவணம் காட்டாததைச் சாட்சி காட்டும். சாட்சி தவறவிட்டதை ஆவணம் திருத்தும். இரண்டையும் ஒருங்கே பிடித்திருக்கப் பதினைந்து வயதுப் பிள்ளையால் முடியும்; நாம்தான் முடியாதென்று எண்ணிக்கொள்கிறோம்.

லெவி தம் நாட்டுப் பள்ளிகளுக்கு அழைக்கப்பட்டுப் பலமுறை சென்றிருக்கிறார். மாணாக்கர் திரும்பத் திரும்பக் கேட்ட வினாக்களுக்கு விடை எழுதித் தம் முதல் நூலின் பிற்சேர்க்கையாகவே பதித்தார். ஒரு தொடக்கப் பள்ளியில் நிகழ்ந்ததை அவர் சொல்லியிருப்பது இது: சூட்டிகையான சிறுவன் ஒருவன் எழுந்து, நீங்கள் ஏன் தப்பியோடவில்லை என்று கேட்டான். லெவி விளக்கினார், அவனுக்கு நிறைவு உண்டாகவில்லை. முகாமின் வரைபடத்தைக் கரும்பலகையில் போடச் சொன்னான்; காவல் கோபுரம் எங்கே, மின்வேலி எங்கே, வாயில் எங்கே என்று கேட்டறிந்தான்; பின்னர், இந்தக் காவலனைக் கொன்று, அவன் உடையை அணிந்து, மின்சார நிலையத்தைத் துண்டித்து வெளியேறலாம் என்று தன் திட்டத்தை எடுத்துரைத்து, மறுமுறை இப்படி நேர்ந்தால் நான் சொன்னபடி செய்யுங்கள் என்று முடித்தான். சிரிப்பு வருகிறது, ஆனால் பெரியவர்களாகிய நாமும் இதே கேள்வியை வேறு வடிவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஏன் எதிர்க்கவில்லை, ஏன் முன்பே வெளிநாடு போகவில்லை என்று துன்புற்றவனிடமே கணக்குக் கேட்பது மனித மனத்தின் பழைய வழக்கம். அச்சிறுவன்மேல் லெவி சினம் கொள்ளவில்லை. அவன் அறிந்திருந்த சிறைகள் புத்தகங்களிலும் சினிமாவிலும் வருபவை என்பதை அவர் கண்டுகொண்டார். கேள்வியைத் தடுப்பது பிழை. அக்கேள்வி எங்கிருந்து வருகிறது என்று மாணாக்கனையே ஆராயவைப்பது கல்வி.

மற்றொரு விபரீதமும் உண்டு. அனுபவத்தை உணர்த்துகிறோம் என்று சொல்லி, பிள்ளைகளைச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நெருக்கி நிற்கவைத்து இது யூதர்களை முகாமுக்கு ஏற்றிச்சென்ற ரயில் பெட்டி என்பதும், நாஜிகள் யூதர்களை அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தைச் சிலர் சட்டையில் குத்தி மற்றவரை ஒதுக்கச் சொல்வதும் மேல்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் நடந்திருக்கின்றன. வாஷிங்டனிலுள்ள யூதப் படுகொலை நினைவுக் காட்சிசாலை ஆசிரியர்களுக்கு வகுத்த நெறிகளில் இதை வேண்டாமென்றே சொல்கிறது. நானும் அதை முழுதும் ஏற்கிறேன். மணி அடித்ததும் வீட்டுக்குப் போகிற குழந்தைக்கு அப்பெட்டிக்குள் இருந்தவனுடைய நிலை விளங்காது. விளங்கிவிட்டதாக ஒரு மயக்கம் மட்டும் மிஞ்சும்.

யூதத் துவேஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இதுவே. இங்கிலாந்தில் இப்படுகொலை பற்றிய பாடம் 1991 முதல் பள்ளிகளில் கட்டாயம். அங்கே ஏறத்தாழ 8,000 மாணாக்கரிடம் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் நடத்திய ஆராய்ச்சி 2016ல் வெளியாயிற்று. முகாம்களைப் பற்றி அவர்களிற் பெரும்பாலோர் கேட்டிருந்தார்கள்; யூதத் துவேஷம் என்பது யாதென்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேற்பட்டோர் அறியவில்லை. ஹிட்லர் என்ற ஒருவனே எல்லாவற்றையும் செய்தான் என்று நம்பியவர்களும் மிகப் பலர். இதில் வியப்பில்லை. தனக்கு நேர்ந்தது என்ன என்பதை உயிர் தப்பியவர் சொல்ல முடியும். தன்னை ஏன் வெறுத்தார்கள் என்பதற்கு அவரிடம் விடை எப்படி இருக்கும்? அவ்விடை வெறுத்தவனிடத்தில் தேடப்பட வேண்டியது. 1215ல் ரோமாபுரியில் கூடிய திருச்சபைப் பேரவை யூதர்கள் உடையால் வேறுபடுத்தி அறியப்பட வேண்டுமென்று விதித்தது. 1290ல் இங்கிலாந்தும் 1492ல் ஸ்பெயினும் அவர்களைத் துரத்தின. 19ஆம் நூற்றாண்டில் மத துவேஷம் இரத்த துவேஷமாக உருமாறி, மதம் மாறினும் யூதன் யூதனே என்றாயிற்று. 1903ல் ருஷியாவில் அச்சேறிய யூத மூப்பர் சதித்திட்டம் என்னும் போலி நூல், 1921ல் லண்டன் பத்திரிகை ஒன்றால் திருட்டு என்று நிரூபிக்கப்பட்ட பின்னரும் உலகெங்கும் விற்பனையாகிக்கொண்டிருக்கிறது. இவற்றைச் சாட்சியத்துக்கு முன்னரே கற்பித்தாக வேண்டும்.

யூதர்கள் இருந்த இடமெல்லாம் வெறுப்பு விளைந்ததென்றால் அவர்களிடத்திலும் ஏதோ குற்றம் இருந்திருக்குமே என்று கெட்டிக்கார மாணாக்கன் ஒருவன் கேட்பான், கேட்டே தீருவான். அவனுக்கு விடை நம் அண்டையிலேயே இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 1000ல் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்குப் பல்லக்கு, குடை, பகல் விளக்கு முதலிய 72 உரிமைகளை அளித்து, வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடு கொச்சியில் இருக்கிறது. அக்கடற்கரையில் யூதர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். அவர்களைப் பெரிதும் வருத்தியவர் கடல் கடந்து வந்த போர்ச்சுகீசியர். ஆகவே வெறுப்புக்குக் காரணம் வெறுக்கப்பட்டவனிடம் இல்லை என்பது புலனாகும். இதைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்வதற்கும் இல்லை; ஹிட்லரின் நூலைச் சுயமுன்னேற்றப் புத்தகங்களோடு சேர்த்து நடைபாதைகளில் விற்பதும், அவனை வீரனாகவே பேசுவதும் நம் நாட்டிலும் நடக்கிறது.

சாட்சியங்களில் உபாத்தியாயர்கள் கூர்ந்து கேட்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. பலர் அதை ஓட்டிவிட்டு முகாமுக்கு நேரே போய்விடுகிறார்கள். அது முதற்பகுதி. வீடு, தாய் சமைத்தது, தெரு, பந்தாட்டம், பள்ளிக்கூடம். 1933 ஏப்ரலில் ஜெர்மனி, உயர்நிலைப் பள்ளிகளில் புதிதாகச் சேரும் மாணாக்கரில் யூதர் 1.5 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்று சட்டம் செய்தது. 1938 நவம்பரில் எஞ்சிய யூதப் பிள்ளைகளையும் பொதுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றையே பேசுகிறவர்கள் மிக நுணுக்கமாக நினைவில் வைத்திருக்கிறார்கள்: ஒரு நாள் பக்கத்தில் உட்கார மறுத்த தோழி, பிறந்தநாளுக்கு வராமற்போன வகுப்பு, இன விஞ்ஞானப் பாடத்தில் யூதச் சிறுவனைக் கரும்பலகை முன் நிறுத்தி மூக்கை அளந்து காட்டிய ஆசிரியர். யூதர்களை நச்சுக் காளானாகச் சித்திரித்த குழந்தைப் புத்தகம் 1938ல் அச்சாயிற்று. ஜெர்மானிய ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் நாஜி ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராயிருந்தனர். அவர்கள் பட்டம் பெற்றவர்கள், பயிற்சி பெற்றவர்கள், நம்மைப் போன்றவர்கள். கொலைமுகாமின் காவலனிடம் நம் மாணாக்கன் தன்னைக் காணமாட்டான். பக்கத்தில் உட்கார மறுத்த தோழியிடம் காணக்கூடும். நாமோ அந்தக் கரும்பலகை அருகே நின்றவரிடம் நம்மைக் காணலாம்.

தற்காலத்தில் ஒரு புதுமை வந்திருக்கிறது. உயிர் தப்பியவர்களுள் ஒருவரான பிங்கஸ் குட்டர் என்ற முதியவரை நூற்றுக்கணக்கான வினாக்களுக்கு விடை சொல்லவைத்து, பல காமிராக்களால் படமெடுத்து, மாணாக்கர் கேட்கும் கேள்விக்கேற்ற விடையை அவருடைய உருவமே சொல்லும்படி செய்திருக்கிறார்கள். உயிர் தப்பியவர்கள் எல்லோரும் மறையப்போகிற இக்காலத்தில் இம்முயற்சியின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் உயிரோடு நேரில் வந்து பேசிய சாட்சிகள் சில கேள்விகளுக்கு விடை சொல்ல மறுத்தனர். சிலவற்றுக்குக் கேட்டவனையே திருப்பிக் கேட்டனர். 1984ல் யேலில் ஷோஷனா ஃபெல்மன் தம் பட்ட மேற்படிப்பு வகுப்பில் இச்சாட்சியங்களைக் காட்டியபோது, மாணாக்கர்கள் நிலைகுலைந்து போனதையும், அவர்களைத் தேற்றி எழுதவைக்கத் தாம் பட்ட பாட்டையும் விவரித்திருக்கிறார். அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார். கேட்டவுடன் விடை தரும் உருவத்தின் முன் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆசிரியர் பின்வரிசையில் மதிப்பெண் பட்டியல் எழுதிக்கொண்டிருப்பாராயின், அது பாடமாகாது.

கடைசியாக, நடைமுறைக்குரிய ஒரு வேண்டுகோள். ஒரு சாட்சியம் சாதாரணமாக இரண்டு மணி நேரம் ஓடும். நம் பாடவேளையோ நாற்பத்தைந்து நிமிடம். இக்காரணத்தாலேயே ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டிக் காட்டும் வழக்கம் வந்தது. துண்டில் விழுவது எப்போதும் கொடுமையான பகுதியே. அதற்குப் பதிலாக, ஒரு பருவத்துக்கு ஒரே ஒருவருடைய சாட்சியத்தை எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு வேளையாக, குழந்தைப் பருவத்திலிருந்து போருக்குப் பிந்திய வாழ்க்கைவரை முழுவதும் கேட்கச் செய்யலாம். பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் ஹீப்ருவிலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் இருப்பதால், ஆசிரியர் முன்கூட்டிக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வுழைப்பே அவரை நன்கு கேட்கத் தெரிந்தவராக்கும். தேர்வில் இதற்கு மதிப்பெண் வைக்கலாகாது. ஒவ்வொரு வேளையின் முடிவிலும், அவரிடம் கேட்க விரும்பும் ஒரு வினாவை மட்டும் மாணாக்கர் எழுதித் தரட்டும். இக்கல்லூரியில் பயிலும் ஆசிரியர்கள் தம் பயிற்சிக் காலத்திலேயே இவ்வாறு ஒரு சாட்சியத்தையேனும் முழுமையாகக் கேட்பதற்குக் கால அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டுமென்று முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.